பூஜையில் இருந்த ஸ்பேனர்

எங்கள் எதிர்வீட்டுக் கனகலட்சுமிக்கு வாய் குறைவு, வீம்பு அதிகம். அவனியாபுரத்தில் எங்கள் தெருவில் சொந்தமாகப் பெட்ரோல் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிற ஒரே பெண் அவள்தான். விடியற்காலையில் பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றப் போவாள். மிச்ச நேரத்தில் வந்த லோடை எடுப்பாள். "பொம்பள வண்டி" என்று தெருமுனையில் கேலி பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டாள், நேரத்துக்குப் போய் நிற்பாள். எனக்கு அவளைப் பிடிக்க அதுவே போதும்.

அவள் புருஷன் முத்துப்பாண்டி கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் வாட்ச்மேன். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஆயுதபூஜை வந்துவிட்டால் வண்டி அவருடையதாகிவிடும். போன வருஷமும் அப்படித்தான். பரவையிலிருந்து வந்து வண்டியை நிறுத்திவிட்டு அவள் குளிக்கப் போன நேரம், இவர் சீட்டைத் தூக்கி, கொதித்துக்கொண்டிருந்த இன்ஜின் மேலேயே மோட்டார் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டார். சாமிக்கு முன்னால் உள்ளும் புறமும் சுத்தமாக இருக்க வேண்டுமாம்!

மதியம் பூஜை. வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஸ்பேனர் முதல் ஜாக்கி வரைக்கும் சாமி படத்துக்கு முன்னால் பரப்பிப் பொட்டு வைத்து, சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம். கனகலட்சுமி சாவியைத் திருப்பினாள். வண்டி குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறி, பழத்தை நசுக்கக்கூடத் தெம்பில்லாமல் அணைந்துபோனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

ஆனால் அது சிரிக்கிற நேரமில்லை. அன்று சாயங்காலம் காஜிமார் தெருப் பக்கம் ஒரு மண்டபத்தில் சுஃபியாவுக்கு நிக்காஹ். அவள் அம்மா ஜெயினம்புவும் கனகலட்சுமியும் ஒன்றாகத் தையல் படித்த கூட்டாளிகள். கல்யாணப் பிரியாணி எங்கள் ஊர்ப் பொட்டலில் விறகடுப்பில் வெந்துகொண்டிருந்தது. தேக்சா என்கிற அந்தப் பெரிய அண்டாக்களை மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது கனகலட்சுமி பொறுப்பு. ஷேர் ஆட்டோவில் தேக்சா ஏறாது. ஆயுதபூஜை அன்று வேறு லோடு வண்டியும் கிடைக்காது. பெண்ணின் பெரியத்தா, அதான் பெரியப்பா, நைனா முகமது, "ஒரு பொம்பளைய நம்பியா கல்யாணச் சாப்பாட்ட விடுறது?" என்று முன்பே முணுமுணுத்தவர். வண்டி போகாவிட்டால் சம்பந்தி வீட்டார் முன்னால் ஜெயினம்புவுக்குத் தலைகுனிவு. இவளை நம்பி அப்புறம் எவரும் லோடு கொடுக்கமாட்டார்கள்.

மெக்கானிக் காசிமாயனுக்குப் போன் போட்டாள். "அக்கா, கடையப் பூட்டிட்டேன். சாமிகிட்ட வச்ச சாமானை நாளைக்குத்தான் எடுப்பேன். சூட்டுல தண்ணி பட்டுப் பிளக்கு வெடிச்சிருக்கும். போன வாரம் வாங்கிட்டுப் போனீகளே, புதுப் பிளக்கு, அதை மாத்துங்க" என்றான்.

புதுப் பிளக் எங்கே? அதுவும் பூஜையில்தான். முத்துப்பாண்டி அதற்கும் சந்தனம் வைத்திருந்தார்.

கனகலட்சுமி நேரே போய் பிளக் ஸ்பேனரையும் இரண்டு பிளக்கையும் எடுத்தாள். அவர் பதறிப்போனார். "ஏய், ஆயுதத்த இன்னைக்குத் தொடக்கூடாதுடி! நாளைக்குக் காலைல எடு."

"நாளைக்கு எடுத்து என்ன செய்ய? அங்க பந்தி காத்துக் கெடக்கும். சாமி கோவிச்சா எங்கிட்டக் கோவிச்சுக்கிரட்டும். நீங்க காத்தடிக்கிற பம்பை எடுத்துட்டு வாங்க."

பிளக் குழி இரண்டிலும் தண்ணீர் தேங்கி நின்றது. பம்பால் ஊதி, துணியால் ஒற்றி எடுத்தாள். முதல் பிளக் சுலபமாகக் கழன்றது. இரண்டாவது அசையவே இல்லை. "குடு, ஒரே அமுக்கா அமுக்குறேன்" என்று முத்துப்பாண்டி கையை நீட்டினார்.

"அமுக்குனா மரை போயிரும். அப்புறம் இன்ஜினையே எறக்கணும். பேசாம நில்லுங்க."

சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். பிறகு இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று விட்டுவிட்டுத் திருகினாள். ஜெயினம்புவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "எடுத்து ஒரு வார்த்தை சொல்லேன்டி" என்றேன், பூஜைக்கு வந்திருந்த நான். "வாரேன்னு சொல்லியாச்சு. திரும்ப என்னத்தச் சொல்ல?" என்றாள் தலையைத் தூக்காமல். எனக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாவி, கொஞ்சமாவது பதற வேண்டாமா!

கடைசியில் பிளக் வெளியே வந்தது. வெள்ளைப் பீங்கானில் கீறல் ஓடியிருந்தது. புதுசு இரண்டிலும் இருந்த சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்து, கையாலேயே திருகி உட்காரவைத்து, அதன் பிறகுதான் ஸ்பேனரை மாட்டி இறுக்கினாள். வயர்களை அழுத்திச் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். வண்டி உதறாமல் பிடித்துக்கொண்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. முத்துப்பாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நானும் ஏறிக்கொண்டேன். பொட்டலில் தேக்சாக்களை ஏற்றிக்கொண்டு, மாலையும் வாழைக்கன்றுமாக மண்டபத்தில் போய் நின்றபோது மஃரிப் என்கிற அந்தித் தொழுகை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நைனா முகமது. வண்டியைப் பார்த்தார், முழங்கை வரை கறுத்திருந்த அவள் கைகளைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தேக்சாவின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார்.

எல்லாம் இறங்கிய பிறகு அவளிடம் வந்தார். "தங்கச்சி, நாளைக்கு வலீமா சாப்பாட்டையும் நீதான் கொண்டுவரணும்."

"அது மாப்பிள்ளை வீட்டு விருந்தாச்சே, அவுக வேற வண்டி பேசிருப்பாகல்ல?"

"அவுக எங்கிட்டத்தான் வண்டி இருக்கான்னு கேட்டாக. எங்க கனகலட்சுமி இருக்கு, நம்பி விடலாம்னு நாந்தான் சொல்லிப்புட்டேன்."

அம்புட்டு நேரம் கலங்காதவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள், கை முழுக்கக் கிரீஸ். என் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.