வெட்டுப்புள்ளி சொல்பவர்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், வாசிப்பவர்கள் கண்டுபிடித்துக் களைக்கத் தேவையில்லை. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். ஆனால் மோட்டார் சைக்கிளில் எவ்வளவு தூரத்துக்குப் பெற்றோல் கிடக்கிறது என்பதை ஒருநாளும் சரியாகக் கணித்ததில்லை. பாதி வழி உருட்டிக்கொண்டுதான் வருவேன். அப்படிப்பட்டவன், யார் பல்கலைக்கழகம் போவார்கள் என்பது தனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

உயர்தரப் பரீட்சை முடிவோடு பிள்ளைக்கு இசட் புள்ளி என்று ஒரு மதிப்பெண் வரும். எந்த மாவட்டத்துக்கு, எந்தத் துறைக்கு எவ்வளவு வேண்டும் என்ற வெட்டுப்புள்ளி வர அதன்பிறகு மாதக்கணக்காகும். அந்த மாதங்களில் ஆட்கள் என்னிடம் வருவார்கள். பழைய வெட்டுப்புள்ளிகளை எழுதிவைத்த கொப்பியைப் புரட்டி, தாடையைச் சொறிந்து, வரும் அல்லது வராது என்பேன். சொன்னதெல்லாம் பலித்தது. இரண்டாம் வருடம் வாழைக்குலையோடு வந்தார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று எனக்கும் ஒரு பானை வைக்க வேண்டும் என்று கூடப் படிப்பிக்கிறவர்கள் பகிடி பண்ணினார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் வருடம் ஆட்கள் வாசல் படலையடியிலேயே செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். நான் இருமினால் எதிரே இருப்பவரின் முகம் வெளுத்தது. ஒரு தாய் முடிவுத்தாளை எழுத்து உள்ளே இருக்கும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றா.

"பாத்துச் சொன்னால் அது கணக்கு, சேர். பாக்காமல் சொல்லுங்கோ."

பகிடிக்குக் கண்ணை மூடி, வரும் என்றேன். பிறகு அதுவும் வந்தது.

அந்தத் தாய் வந்த அதே கிழமைதான் கொக்கிளாயிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். தகப்பன் களப்பில் மீன்பிடித் தொழில் செய்பவர். நல்ல வெயில். கரண்ட் நின்று, மேலே விசிறி சுற்றிச் சுற்றி அடங்கியது. அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. முற்றத்து முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. பொறியியலுக்கு வருமா என்று கேட்டாள். மறுபடி சோதனை எழுத விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் வரும் என்றால் வீட்டில் காத்திருக்கலாம். வராது என்றால் திங்கட்கிழமை ஆடைத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்பது தகப்பனின் முடிவு.

கொப்பியைத் திறந்தேன். போன வருட வரிக்குக் கீழே, இன்னும் வராத இந்த வருடத்துக்கு, பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தது. நான்கு தசமதானம் வரைக்கும். என் கையெழுத்துத்தான். எழுதிய ஞாபகம் இல்லை. நான் தனியாக இருப்பவன். அந்தக் கொப்பியை வேறொருவரும் தொடுவதில்லை. அவளுடைய புள்ளி அதைவிடக் கடைசி இலக்கத்தில் இரண்டு குறைவு.

ஏதாவது பகிடி விடலாம் என்று வாயைத் திறந்தேன். வராது என்றுதான் வந்தது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மாதங்கள் கழித்து வெட்டுப்புள்ளி வெளியானது. ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். நாலும் அதே நாலு. பட்டப்பகலில் என் வீட்டுக் கதிரையில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேனா, நான் எழுதியதால்தான் அப்படி வந்ததா என்று கேட்டுக் கேட்டு, பொறுக்க மாட்டாமல் கொக்கிளாய்க்குப் போனேன்.

தகப்பன் வலையை விட்டு எழும்பவே இல்லை.

"உங்கட வாய் பொய்ச்சுப்போச்சு, மாஸ்டர். வருமெண்டு சொன்னனீங்களாம். வரேல்லை."

கதவடியில் அந்தப் பிள்ளை கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் கணக்குப் புத்தகம். நான் வரும் என்று சொன்னதாக வீட்டில் சொல்லி, தொழிற்சாலைக்குப் போகாமல், மறுபடி எழுதும் விண்ணப்பத்தையும் ஒருவருக்கும் சொல்லாமல் அனுப்பியிருக்கிறாள். இனி அனுப்பியாச்சு, எழுதித் துலையட்டும் என்றார் தகப்பன். ஓம் அண்ணை, பிழைச்சுப்போச்சு என்று நான் ஒத்துக்கொண்டேன். நாலு தசமதானத்துக்குச் சரியாகச் சொன்ன ஒரேயொரு முறைதான் ஊர் என்னைப் பொய்யன் என்றது. அதன்பிறகு என் படலையடியில் செருப்புக் கிடந்ததில்லை.

அடுத்த சோதனை முடிவு வந்த அன்று, பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். தாளை நாலாக மடித்துக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். என் நாக்கு அரித்தது. தாளைப் பார்க்கவே இல்லை. ஆனால் அவள் கிட்ட வரும்போதே ஒரு சொல் என் வாய்க்குள் வந்து நின்றது, விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல். சொல்லட்டா பிள்ளை என்று கேட்டேன்.

"நான் உங்களிட்டைக் கேக்கேல்லை, சேர்."