ஒரு ஓட்டில் ஆட்சி கவிழ்ந்த சாயங்காலம்

நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னாலே எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவள் டெல்லிக் கூட்டணியைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டணி உடைந்த நாளில் எனக்கும் கொஞ்சம் வேலை இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

கோம்பையில் எங்கள் வீடும் அம்மாவுடைய அண்ணன் வீடும் எதிரெதிரே. அப்பா ஒரு கட்சி, மாமா அதற்கு நேர் எதிர்க்கட்சி. இருந்தாலும் என் அக்கா மாமா மகனுக்குத்தான் என்று அவள் பிறந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் சந்தோஷம்.

தொண்ணூற்றெட்டில் அப்பாவின் கட்சி டெல்லிக் கட்சி ஒன்றோடு கூட்டணி சேர்ந்து, தேர்தலில் ஜெயித்து, ஆட்சியிலும் பங்கு வாங்கியது. அப்பா தெரு முழுக்கப் பூந்தி கொடுத்தார். மாமா வாங்கவில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க மாப்பிள்ளை டெல்லிக்காரனுக்கே சம்பந்தியாயிட்டாக. இனி உள்ளூர்ச் சம்பந்தம் அவுகளுக்கு எதுக்கு?" என்றார். சிரிப்புக்காகச் சொன்னதுதான். அப்பா அன்றோடு பேச்சை நிறுத்தினார். கல்யாணப் பேச்சும் நின்றது.

பெரியவர்கள் பேசாவிட்டாலும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறை, கோயில் வரி என்று சேதி போய் வர வேண்டுமே. அதற்கு நான். அப்போது எனக்குப் பத்து வயது. சேதியை வெறுமனே சொல்ல மாட்டேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டுவதையும் மூக்கை உறிஞ்சுவதையும் செய்து காட்டுவேன். அங்கே போனால் அப்பாவைச் செய்து காட்டுவேன். இரண்டு பக்கமும் சிரிப்பார்கள். அத்தை முறுக்கு தருவாள், அப்பா திராட்சைக் கொத்து தருவார். சேதியில் குத்தல் இருந்தால் கொத்து பெரிதாக இருக்கும்.

ஒரு வருஷம் ஓடியது. அப்பாவின் கட்சி கூட்டணியிலிருந்து விலகியது. டெல்லி ஆட்சி ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அதைக் காப்பாற்ற ஓட்டுப் போட்டவர்களில் மாமாவின் கட்சியும் இருந்தது. ஆட்சி அமைந்தபோது பூந்தி கொடுத்த அப்பா, கவிழ்ந்ததற்கும் அதே கடைப் பூந்தியைக் கொடுத்தார். அமைந்தபோது கேலி பேசிய மாமா, ரேடியோவை அணைத்துவிட்டுத் துக்க வீட்டில் இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

பூந்தியை நீட்டினேன். ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஆத்தா, ஒங்கப்பாட்ட சொல்லு. அவுக எந்திரிச்ச எடத்துல இப்ப நாங்க உக்காந்துட்டோம். இனி அவுகளக் கேலி பண்ண எனக்கு வாயி இல்ல. அன்னைக்கு டீக்கடைல சொன்னது தப்புத்தான். நாளைக்குக் காலைல வெத்தல பாக்கோட வாரேன். கதவத் தொறந்து வச்சாப் போதும்."

வாசல் வரை கூடவே வந்த மாமா மகன், "ஒழுங்காச் சொல்லு தாயி. ஒன் கூத்தெல்லாம் இன்னைக்கு வேணாம்," என்றார்.

எங்கள் வீட்டு முன்னால் அப்பாவின் கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவ்வளவு பேர் எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகி, மூக்கை உறிஞ்சி, நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நீங்க எந்திரிச்ச எடத்துல இப்ப நாங்க உக்காந்துட்டோம்!"

சிரிப்பு வெடித்தது. "பாத்தியாய்யா ஒன் மச்சான் தெனாவெட்ட! நம்ம பூந்தியவே தின்னுட்டுச் சொல்லிவிட்டிருக்காக," என்றார் ஒருவர்.

அதற்கு மேல் மாமா சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. தப்பு என்றதையும் வெற்றிலை பாக்கையும் விட்டுவிட்டுக் கடைசிக்குத் தாவினேன்.

"நாளைக்குக் காலைல வாரேன், கதவத் தொறந்து வைக்கச் சொல்லு!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "வரட்டும். வந்து பூட்டப் பாத்துட்டுப் போகட்டும்."

உள்ளே போனதும் அக்கா என் கையைப் பிடித்தாள். "மாமா வேற எதுவும் சொன்னாகளாடி?"

"அவ்வளவுதான்," என்றேன். கையில் திராட்சைக் கொத்து இருந்தது.

அடுத்த தேர்தலில் மாமாவின் கட்சி அந்தக் கூட்டணியில் நின்று ஜெயித்தது. அதற்கடுத்த தேர்தலுக்குள் அது வெளியே வந்தது. அப்பாவின் கட்சி மறுபடி உள்ளே போனது. மேடையில் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டார்கள். அதற்குள் அக்கா மார்க்கையன்கோட்டையில் வாக்கப்பட்டு இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தாள். மாமா மகன் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போனவர்தான், ஊருக்கு வருவது அபூர்வம். அக்கா அந்தச் சாயங்காலத்தைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

தன் கட்சிக்காரர்கள் முன்னால் ஒரு நாளும் சொல்ல முடியாததை மாமா அன்று என்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். குத்தல் இல்லாத பேச்சும் ஒரு சேதிதான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் காலை அப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கள் எல்லோரையும் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மாமா தாம்பாளத்தோடு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.