எடுக்காமல் விட்ட போன்

விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிற மாலாவுக்கு அன்று போன் மணி கேட்கவில்லை என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். பன்னிரண்டு தறி ஓடுகிற இடத்தில் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலே காதில் விழாது. ஆனால் மாலா பார்த்தாள். மடியில் போன் அதிர்ந்தது. கணவர் ஞானதிரவியத்தின் பெயர்.

சிவகிரியில் மாலாவின் தம்பி வீட்டில் அன்று சாயங்காலம் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னவர், திடீரென்று லோடு வந்துவிட்டது என்று காலையில் குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். மூன்று முறை அதிர்ந்து அடங்கியது. புளியங்குடி எலுமிச்சை மண்டி வாசலில், நெஞ்சுவலியில் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே ஞானதிரவியத்தின் உயிர் போனது.

இரண்டு வருஷமாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோவிலில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து நாளில் எல்லாரும் பீடத்துக்கு எழுந்து போகும்போது கடைசி பெஞ்சிலேயே குனிந்து உட்கார்ந்திருப்பாள். போதகரின் மனைவி ஐயரம்மா கேட்டால், "உடம்புக்கு முடியலம்மா" என்பாள். ஊரில் யாருக்கு நோய் என்றாலும் முழங்கால் போட்டு ஜெபிப்பாள். தனக்கென்று எதையும் கேட்க மாட்டாள். கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைப்பு.

இந்த வருஷம் லெந்து என்னும் தவக்கால நாட்களில் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போனாள். ஒருநாள் மயங்கி விழுந்துவிட்டாள். கூட வேலை செய்யும் அஃப்ரோஸ் ஆட்டோவில் கொண்டுவந்து வீட்டில் விட்டுப் போனாள். கல்லூரியிலிருந்து வந்த மகள் ஷிபா கஞ்சி காய்ச்சி நீட்டினாள்.

"எனக்குக் கஞ்சி ஒண்ணுதான் கேடு" என்று தள்ளிவிட்ட மாலா, அப்படியே உடைந்துபோனாள். போன் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

ஷிபா கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். பிறகு, "அப்பா அன்னைக்கு எனக்கும்தான் போன் அடிச்சாவ" என்றாள். "லேப்ல இருந்தேன். அப்புறம் பேசிக்கிடலாம்னு கட் பண்ணிட்டேன்."

மாலா பதறிப்போய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஏட்டி, நீ என்ன செய்வ? இப்படி ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்? ஆண்டவரு உன்னயப் போயி குத்தம் சொல்லுவாராட்டி?"

"அப்ப ஒனக்கு மட்டும் தெரிஞ்சிருக்குமாக்கும்?"

"நான் கோவத்துல எடுக்கலட்டி."

"கோவப்படாத பொண்டாட்டி எங்க இருக்கா? எனக்கு ஒரு ஆண்டவரு, ஒனக்கு வேற ஆண்டவராம்மா?"

இந்தப் பிள்ளை இத்தனை நாளாகத் தனியாக இதைச் சுமந்திருக்கிறதே என்று மாலாவுக்கு நெஞ்சு பதறியது. தன்மேல் மட்டும் அந்தப் பதற்றம் ஒருநாளும் வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கஞ்சி ஆறிப்போயிருந்தது. இருவரும் ஆளுக்குப் பாதியாகக் குடித்தார்கள்.

அன்று சாயங்காலம் ஜெபத்தில் வழக்கமான பெயர்களையெல்லாம் சொல்லி முடித்து, சற்றுத் தயங்கி, "ஆண்டவரே, மாலாவுக்கு இரங்கும்" என்றாள். யாரோ ஒருத்திக்காகக் கேட்பதுபோல இருந்தது. மனசு லேசாகிவிடவில்லை. மறுநாளும் சொன்னாள். சில நாள் நம்பினாள், பல நாள் வெறும் வாயால் சொன்னாள்.

ஈஸ்டர் திருவிருந்துக்கு அவளால் பெஞ்சை விட்டு எழ முடியவில்லை. அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதம் ஷிபாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பீடத்தின் முன் மண்டியிட்டு அப்பத்தை வாங்கியபோது ஐயரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்துப் படுத்துச் சத்தமாக அழுதாள். ஞானதிரவியம் இல்லாத வீடு அப்படியேதான் இருந்தது. ஆனால் அழுகிற மாலாவை அன்று மாலா திட்டவில்லை.