பாட்டில்லாத பாட்டு நாடகம்

மெல்பேர்னின் கிளென் வேவர்லி நூலகத்தில் பழைய புரொஜெக்டர் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். அந்தச் சடசடப்பைக் கேட்டதும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

எழுபதுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்த புதிது. இங்கிலீஷ் பேசக் கூச்சப்பட்டு அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவேமாட்டார். ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் அப்பா, "பழைய ஊமைப்படம்தானே, ஆரோடையும் கதைக்கத் தேவையில்லை. வாரும்" என்று சொல்லி அவரையும் என்னையும் பக்கத்துத் தெரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்.

மேடையில் பாட்டு நாடகமாக ஓடிய காதல் கதை ஒன்றைச் சிரிப்புப் படமாக எடுத்திருந்தார்கள். தரை மெழுகு மணத்த மண்டபத்தில், திரையில் காதலனும் காதலியும் சத்தமில்லாமல் வாயசைத்தார்கள். சனம் இருமியது, ஒருவரும் சிரிக்கவில்லை.

"பாட்டு நாடகமெண்டால் பாட்டு எங்கை?" என்று அம்மா கேட்டார்.

"பியானோ வாசிக்கிற ஆள் வரேல்லையாம்" என்றார் அப்பா.

அம்மா எழுந்தார். ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பியானோ படிப்பித்தவர் அவர். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போய்த் திரையோரம் கிடந்த பியானோவின் முன் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். காதலி கோபித்தால் பியானோவும் கோபித்தது. காதலன் வழுக்கி விழுந்தபோது அதுவும் தடதடவென்று உருண்டது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் கதிரைமேல் ஏறி நின்று கைதட்டினேன்.

படம் முடிந்ததும் மண்டபப் பொறுப்பாளர் ஓடிவந்து, அடுத்த சனிக்கிழமையும் வர முடியுமா என்று கேட்டார். பதில் சொல்ல அப்பா வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னார்: "வருவேன். ஆனால் முதலில் இந்தப் பியானோவுக்குச் சுருதி சேர்த்து வையுங்கள்."