ஓட மறுத்த இன்ஸ்பெக்டரும் தனபாலனும்

ஞாயிற்றுக்கிழமை காலை தனபாலனின் மகள் பட்டர்வொர்த்திலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா போயிட்டாரு டீச்சர்" என்றாள். "படம் பார்த்துக்கிட்டுதான் இருந்தாரு" என்றாள். எந்தப் படம் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அவரை அறிந்த பலருக்கும் அவர் ஒரே ஒரு படத்தின் கான்ஸ்டபிள். எண்பதுகளின் தொடக்கம், பினாங்குப் பாலம் கட்டி முடியாத நாட்கள். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் நண்பர்களைச் சேர்த்து அவர் எடுத்த போலீஸ் சண்டைப் படம் அது. வாய் ஓயாத கான்ஸ்டபிளும் சிரிக்கவே தெரியாத இன்ஸ்பெக்டரும் ஒரே காரில் உட்கார்ந்து ஒரு நகைத் திருடனைத் துரத்துவார்கள். கான்ஸ்டபிள் அவர். இன்ஸ்பெக்டர் என் அப்பா.

கோயில் கூட்டத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் அதிகம் என்று அப்பா ஒலிபெருக்கியிலேயே கால் மணி நேரம் பேசியதைக் கேட்டுவிட்டுத்தான் தனபாலன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். நடிக்கச் சம்மதித்துவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டாலே இங்கே சிலருக்குச் சிரிப்பு வரும். முப்பது வருடம் தலைநிமிர்ந்து நடந்த ஊரில் அப்பா கடைசியில் ஒரு கோமாளியாகிவிடுவாரோ என்று பயந்தேன். அதனால் படப்பிடிப்புக்கெல்லாம் நானும் போனேன்.

முதல் நாள், திருடனின் வீட்டுக் கதவை உதைத்துத் திறக்க வேண்டிய காட்சி. அப்பா இரண்டு முறை தட்டி, "வீட்டில ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன். தனபாலன் மட்டும் சிரிக்கவில்லை. "அதான் போலீசு. நான் உதைக்கிறேன், ஐயா தட்டட்டும். ரெண்டு பேருமே கோமாளின்னா யாரு லா போலீசு?" என்றார். நான் மறுபடி உட்கார்ந்தேன். நம்பிவிட்டேன் என்று சொல்ல முடியாது.

உண்மையான சிக்கல் உச்சக்காட்சியில் வந்தது. பினாங்குத் தீவின் கடைத்தெரு வழியாகத் திருடன் ஓட, இருவரும் துரத்த வேண்டும். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் ஓடமாட்டன், தம்பி. ஒரு உத்தியோகத்தர் றோட்டில ஓடுறேல்லை."

"ஐயா, திருடன் போயிடுவானே."

"எங்க போவான்? இது தீவு. அக்கரைக்குப் போகக் கள்ளன் ஃபெரிக்குத்தானே வரவேணும்?"

கேமராக்காரர் தலையில் கை வைத்தார். "அண்ணே, சண்டைப் படத்துல போலீசு நடந்து போனா சனங்க டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்கும்." வேறு ஆளுக்குச் சீருடை மாட்டி, முதுகை மட்டும் படம் பிடிக்கலாம் என்றும் சொன்னார். அப்பாவுக்குத் தெரியாமல் அதைச் செய்திருக்க முடியும். தனபாலன் ஒரு சிகரெட்டைப் புகைத்து முடித்தார். பிறகு, "ஐயா சொல்றதுதான் சரி. நான் ஓடுறேன்" என்றார்.

படத்தைச் சிறந்த படம் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். ஓரிடத்தில் துப்பாக்கியை எடுப்பதற்கு முன்பே சத்தம் கேட்கும். ஆனால் அந்தத் துரத்தலை மறக்க முடியாது. கான்ஸ்டபிள் மீன்கூடையில் விழுந்து, டிரிஷா ரிக்‌ஷாவில் மோதி, ஒரு செருப்பைத் தொலைத்து ஓடுகிறார். இடையிடையே அப்பா, குடையை ஊன்றி, பாதசாரிகளுக்கு வழிவிட்டு நடக்கிறார். திருடன் மூச்சிரைக்க ஃபெரியில் ஏறிப் பெஞ்சில் சாய்கிறான். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். "ஏன் தம்பி இவ்வளவு களைச்சுப் போனீர்?"

படத்தைத் திரையிட்ட அன்று மண்டபம் எழுந்து கைதட்டியது. அப்பாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அப்பாவோடு சேர்ந்து சிரித்தார்கள். அன்றுதான் என் பயம் போனது.

அதன் பிறகு, பாயான் பாருவில் ஒரு கல்யாண வீட்டில் இளைஞர்கள் தனபாலனைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணே, இன்ஸ்பெக்டர் மாதிரி பேசிக் காட்டுங்கண்ணே."

"ஐயா வரட்டும். அவரு முன்னால உக்காந்தா பேசுறேன். ஆளு இல்லாத எடத்துல பேசினா அது சிரிப்பு இல்ல தம்பி, பொறணி."

அப்பா வந்தார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தனபாலன் கதவு தட்டும் காட்சியை அப்படியே நடித்தார். அப்பா முகம் மாறாமல் கேட்டு முடித்து, "குரலைக் கொஞ்சம் இறக்கும், தம்பி. நான் உவ்வளவு கத்துறேல்லை. திருப்பிச் செய்யும்" என்றார். அவர் திருப்பிச் செய்தார். அம்மா போன பிறகு அப்பா பலர் நடுவே வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்பா இறந்தபின் தனபாலனை எத்தனையோ விழாக்களில் அந்தக் குரலில் பேசச் சொன்னார்கள். அவர் ஒருமுறையும் பேசவில்லை.

அவருடைய நகைச்சுவை எனக்கு வராது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கட்டுப்பாடு ஒன்றைத்தான். எனக்கு நாக்கு கூர்மை என்பதை உடன் வேலை செய்பவர்கள் அறிவார்கள். ஆசிரியர் அறையில், அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி நல்லதொரு கேலி வாய்வரை வந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள் என்றும் தெரியும். விழுங்கிவிடுகிறேன்.