ஈயம் வைத்த ஜெட்

இது நடந்தது. கட்டுக்கதை என்று சொல்பவர்கள் ஹட்டனில் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஜெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவன் நான், அவ்வளவுதான். ஹட்டனில் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மெக்கானிக் பத்திநாதன் குடிக்காதவன், ஞாயிறு பூசை தவறாதவன். தன் கைத்திறமையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். அந்தக் கூட்டல்தான் ஒரு மனிதரைக் கொன்றது.

ஆண்டு 1961. இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு ஆறு மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே டிஸ்பென்சர் முத்துலிங்கம். காய்ச்சல், பிரசவம், அட்டைக்கடி எல்லாவற்றுக்கும் மருந்து கொடுப்பவர். தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் அவர் ஒருவர்தான். அவரிடம் இருந்தது ஒரு பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். அதற்கு மாதம் நாலு கேலன் பெட்ரோல் கொடுக்கச் சொல்லித் தோட்டத்து மேனேஜரான பெரிய துரை உத்தரவு போட்டிருந்தார். அதற்குமேல் ஒரு சொட்டுக் கூடக் கிடைக்காது.

சைலன்சர் துருப்பிடித்து உதிர்ந்தபோது புதிது எங்கும் கிடைக்கவில்லை. சீமைக்குக் கப்பலேறிய ஒரு சின்னத்துரை விட்டுப்போன ரேஸ் வண்டியின் குழாய் இருந்தது. அதைப் பத்திநாதன் மாட்டிக் கொடுத்தான். குழாய் திறந்து கிடந்ததால் எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவைப்பட்டது. காபரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். அதன் ஊசித்துளை வழியாகத்தான் பெட்ரோல் போகும். அவன் பெரிய துளை ஜெட்டாகப் பார்த்துப் போட்டான். அதில் பிழையில்லை. ஆனால் வண்டி பெட்ரோலைக் குடித்தது. கேலனுக்கு எழுபது மைல் போனது நாற்பத்தைந்தாக விழுந்தது.

ஆகஸ்டில் இருபத்து மூன்றாம் தேதியே நாலு கேலனும் தீர்ந்துவிட்டது. இருபத்தாறாம் தேதி மேல் டிவிஷனில் வேலாயிக்குப் பிரசவ வலி. முத்துலிங்கம் பையைத் தூக்கிக்கொண்டு நாலு மைல் மலையேறி ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது தொழிலாளர் லயத்து வாசலில் ஒப்பாரி தொடங்கியிருந்தது. பெட்ரோலைச் சிக்கனமாகப் பாவிக்கத் தெரியாத டிஸ்பென்சர் என்று துரை ஏசினார். ஏசத்தானே துரை!

ஒக்டோபர் பதினொன்றாம் தேதி முத்துலிங்கம் பத்திநாதனிடம் வந்து நின்றார்.

"எப்புடியாச்சும் கொறைச்சுக் குடுங்க பத்தி. இன்னொரு வேலாயிய என்னால பார்க்க முடியாது."

பத்திநாதன் கொடுத்தான். பெரிய ஜெட்டைக் கழற்றி சிகரெட் டின்னில் போட்டான். இன்னொரு ஜெட்டின் துளையை ஈயம் வைத்து அடைத்து, ஊசியால் மயிரிழைத் துளை போட்டு மாட்டினான். ஹட்டன் ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். கேலனுக்கு எண்பது! அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மூங்கில் குச்சியை டாங்கிக்குள் விட்டு, பெட்ரோல் நின்ற இடத்தில் கத்தியால் ஒரு கோடு கீறினான்.

"அடுத்த கெழம வாங்க ஐயா. இந்தக் கோட்டுக்கு எம்புட்டு எறங்கியிருக்குன்னு பாருங்க, அப்பறம் பேசுவோம்."

ஒன்றை மட்டும் அவன் சொல்லவில்லை. மலைமேல் காற்று லேசு. அந்தக் காற்றுக்கு அந்தத் துளை போதும். கினிகத்தேனை ஊர் ஹட்டனிலிருந்து இரண்டாயிரம் அடி கீழே. அங்கே காற்று கனமானது; அதே துளையில் எஞ்சின் பட்டினி கிடந்து காயும். முழு வேகத்தில் ஏற்றம் ஏறினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டியதுபோல் நின்றுவிடும். இது அவனுக்கு நன்றாகத் தெரியும். கீழே கொண்டுபோகாதீர்கள் என்று சொன்னால் எண்பது மைல் பெருமைக்கு மாசு வந்துவிடுமே! அதனால் இப்படிச் சொன்னான்:

"எங்க வேணும்னாலும் போங்க ஐயா. கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்."

சரியாக ஒரு வாரம். ஒக்டோபர் பதினெட்டு, புதன்கிழமை. காலையிலிருந்து மழை. கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. மூன்று மணிக்கு மழை விட்டு மூடுபனி இறங்கியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மரம் மறைந்தது. பிறகு ரோடே மறைந்தது.

மூன்று நாற்பது. சுவர்க்கடிகாரத்தை அவன் பார்த்தான், அது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

டப்... டப்... டப்...

அந்த ரேஸ் குழாய்ச் சத்தம் ஊரில் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. ஆனால் சத்தம் நெருங்கி வரவில்லை. தூரத்தில் கேட்டது. அடுத்த கணம் வாசலில் கேட்டது. நின்றது.

முத்துலிங்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மழைக்கோட்டு போட்டிருந்தார். கோட்டில் ஒரு துளி ஈரமில்லை.

"வாங்க ஐயா. வண்டி எப்புடி?"

"பெட்ரோல் செலவாகல."

பத்திநாதனுக்கு வாயெல்லாம் பல். குச்சியை எடுத்து டாங்கிக்குள் விட்டான். வெளியே எடுத்தான். ஈரம் சரியாகக் கோட்டில் நின்றது. ஒரு நூல் கூட இறங்கவில்லை.

ஒரு வாரம் ஓடிய வண்டி...

குச்சியை மூக்கருகே கொண்டுபோனான். வாடையே இல்லை.

பழக்கதோஷத்தில் குழாயில் கை வைத்துப் பார்த்தான். இப்போதுதானே எஞ்சின் ஓடியது? குழாய் சில்லென்றிருந்தது. விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லென்று...

அவன் பிளக்கைக் கழற்றினான். நுனி வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்புபோல் வெந்த வெள்ளை. பட்டினியில் காய்ந்த எஞ்சினில்தான் பிளக் அப்படி வெளுக்கும்.

"ஐயா... கீழ போனீங்களா?"

"போனேன்."

"எங்க வரைக்கும்?"

"கினிகத்தேன. மருந்தெடுக்க."

"ஏறி வரயில ஒண்ணும்..."

முத்துலிங்கம் சிகரெட் டின்னைப் பார்த்தார்.

"பழச மாட்டுங்க."

"அப்பறம் வண்டி குடிக்குமே ஐயா."

"குடிக்கட்டும். எனக்கு இல்ல. அடுத்து ஓட்டுறவருக்கு."

அவன் காபரேட்டரைத் திறந்தான். திறந்தால் பெட்ரோல் சிந்தும். சிந்தவில்லை. ஈய ஜெட்டை எடுத்து டின்னில் போட்டான். பெரிய ஜெட்டை மாட்டினான். முடுக்கினான்.

நிமிர்ந்தான்.

யாருமில்லை.

வண்டியும் இல்லை.

மணி நாலு கடந்து ஐந்து நிமிஷம்.

வாசலில் காலையிலிருந்து பெய்த மழைச் சேறு. அதில் அவன் காலடி மட்டும்...

ஐந்தரைக்குத் தோட்டத்து லொறி வந்து நின்றது. டிரைவர் அழகுமுத்து கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கினான்.

"அண்ணே, சேதி தெரியுமா? நம்ம டிஸ்பென்சர் ஐயா போய்ட்டாரு."

"எங்க?"

"செத்துப் போய்ட்டாருண்ணே! நேத்துச் சாயந்தரம். கினிகத்தேனையிலருந்து ஏறி வரயில வளைவுல சக்கரம் நின்னுபோயி பள்ளத்துல தூக்கியடிச்சிருச்சு. நாந்தான் லொறியில தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தேன். மருந்துப் பொட்டி மட்டும் ஒடையல..."

பத்திநாதன் சிகரெட் டின்னுக்குள் பார்த்தான், ஈய ஜெட் கிடந்தது.

"வண்டி?"

"ராத்திரியே தோட்டத்து ஸ்டோர்ல போட்டுப் பூட்டியாச்சு. சாவி தொரகிட்ட."

சனிக்கிழமை துரை அவனைக் கூப்பிட்டனுப்பினார், வண்டியைச் சோதித்துச் சொல்ல. டின்னில் கிடந்த ஜெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பத்திநாதன் ஒரு முடிவோடு போனான். ஈய ஜெட் வண்டிக்குள் இருக்கும். பையில் கிடப்பது தன் மனப்பிராந்தி. வண்டிக்குள் இருப்பதைத் துரை கண்முன் எடுத்துக் காட்டி, நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிடுவது. பூட்டைத் திறந்தார்கள். பிஸ்டன் இறுகப் பிடித்திருந்தது. டாங்கி விழுந்ததில் பிளந்து காய்ந்து கிடந்தது. காபரேட்டரைக் கழற்றினான்.

உள்ளே பெரிய ஜெட் இருந்தது.

அப்படியும் சொன்னான். சட்டைப்பையிலிருந்து ஈய ஜெட்டை எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னான். துரை இரண்டு ஜெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டிக்குள் சரியானதுதானே இருக்கிறது என்றார். கையில் வைத்திருப்பதை நேற்றுக்கூட அடைத்திருக்கலாமே என்றார். ரேஸ் குழாயை மாட்டிக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓட்டி எஞ்சினை எரித்துக்கொண்டார் டிஸ்பென்சர், தோட்டத்துக்குப் பொறுப்பில்லை. அப்படித்தான் எழுதினார்கள்.

பொறுப்பில்லாததால் முத்துலிங்கத்தின் மனைவி நாகலெட்சுமிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மாதத்தில் குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். பத்திநாதன் போய் அவள் முன்னால் நின்று உண்மையைச் சொன்னான். அவள் அழவில்லை. சாமான் மூட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"அவரு ஓங்ககிட்ட வந்தாரா?"

"வந்தாரும்மா."

"எங்கிட்ட வரலியே."

கைக்குழந்தையோடு வலப்பனையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்து ஓட்டப்போகிறவருக்காக வந்த மனிதர், பெண்டாட்டிக்காக அந்த ஈய ஜெட்டை வண்டியிலேயே சாட்சியாக விட்டு வைத்திருக்கக் கூடாதா? பத்திநாதன் என்னிடம் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். மூடுபனி இறங்கும் மாலைகளில் ஈய ஜெட்டை மேசைமேல் எடுத்து வைத்துக் காத்திருப்பான். எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. யாரும் வரவில்லை.

வண்டியைப் பழுது பார்த்துப் புது டிஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். அவர் மாதாமாதம் கினிகத்தேனைக்குப் போய்ச் சுகமாகத் திரும்பி வந்தார். நாலு கேலன் இருபத்து மூன்றாம் தேதியே தீர்ந்தது.

மறு வருஷம் தோட்டத்து ஸ்டோர் காவல்காரர் செல்லசாமி ஹட்டன் வந்தவர் பத்திநாதன் கடையில் உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அய்யா எறந்த மறுநா, புதன்கெழம. பூட்டின ஸ்டோருக்குள்ள எஞ்சின் ஓடுற சத்தம். பேக்டரி கடியாரத்தப் பார்த்தேன். மூணு நாப்பது. பின்னால பலகைய நீக்கி உள்ள போறதுக்குள்ள நாலு அஞ்சாயிருச்சு. சத்தம் நின்னுருச்சு. படுக்கப் போட்ட வண்டி நிமிந்து நிக்கிது..."

"தொரகிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களே. நம்புனாரா?"



செல்லசாமி வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே ஒரு பழைய தழும்பு, குழாயின் அகலத்துக்கு.

"தொட்டுப் பார்த்தேன் தம்பி. அந்தக் கொழாய் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு."