அமெரிக்கச் சிரிப்பும் உப்புக் கோப்பியும்

எனக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் ஐம்பதுகளில் அமெரிக்கச் சிரிப்புப் படம் ஒன்றையும் நான் விட்டதில்லை. சனிக்கிழமை மத்தியானம் சிங்கப்பூரின் வடகோடியில், செம்பவாங்கில் பஸ் ஏறி, தேக்கா சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு, என் கணவரோடு அப்படியே படக்கொட்டகைக்குப் போய்விடுவேன். வழுக்கி விழுகிறவனைப் பார்த்துச் சிரிக்க எந்தப் பாஷை வேண்டும்? இவர் கப்பல்பட்டறைக்காரர், சிரித்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். வாரம் முழுக்கச் சண்டை போடும் எங்களுக்குச் சேர்ந்து சிரிக்கக் கிடைத்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

ஓரிடத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். கறுத்த வேலைக்காரன் ஒருவன் பயந்து கண்ணை உருட்டுவான், கொட்டகையே அதிரும். “அவனும் நம்ம நிறந்தான லா,” என்று கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிடுவார்.

அறுபதுகளில் சமூக நிலையத்துக்குத் தொலைக்காட்சி வந்தபோது அந்த வேலைக்காரனைக் காணவில்லை. அவன் ஆட்கள் உரிமை கேட்டுத் தெருவில் இறங்கிவிட்டதாக இவர் பேப்பர் பார்த்துச் சொன்னார். வழுக்கி விழுகிறவர்களும் குறைந்துபோனார்கள். இப்போது பெரிய சமையலறை, கெட்டிக்காரப் பெண்டாட்டி, அசட்டுப் புருஷன், ஓயாத பேச்சு. பேச்சுக்குப் பேச்சு பெட்டிக்குள்ளேயே ஒரு கூட்டம் சிரிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நானும் சிரித்துவைப்பேன். வீட்டுக்கு நடக்கும்போது இவர் விளக்கிச் சொல்வார். அமெரிக்காவிலும் மாமியார் குழாயடியில் சண்டை போடுவாளா, பூனை கருவாட்டைத் தூக்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு நாள் நாடகம் முடிந்து செய்தி ஓடியது. எனக்குக் காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. அவசரத்தில் இவர் கோப்பியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தேன். மனுஷர் முக்கால்வாசி குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மிச்சத்தை நான் வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது. நினைத்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். உடனே பக்கத்தில் இவரும் விழுந்து விழுந்து சிரித்தார். திரையில் விபத்தில் நொறுங்கிய ஒரு லாரி. எல்லோரும் எங்களை முறைத்தார்கள். இவர் கண் திரையில் இல்லை, என் முகத்தில் இருந்தது.

நான் சிரிப்பதைப் பார்த்துத்தான் இவர் சிரிக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. கப்பல் தகட்டில் துரு தட்டித் தட்டி இவர் காது எப்போதோ போயிருக்கிறது. கூப்பிட்டும் திரும்பாததை வீம்பு என்று நினைத்து எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன், மடச்சி! அப்படியென்றால் எனக்கு விளக்கிச் சொன்னதெல்லாம் இவரே கட்டிய கதை.

வழியில் விளக்குக் கம்பத்தடியில் இவரை நிறுத்தினேன். என் வாயசைவு தெரியும்படி எதிரே நின்று, எப்போதும் போலக் கேட்டேன். “இன்னிக்கு என்னங்க நடந்துச்சு நாடகத்துல?”

என் முகத்தையே பார்த்தார். “அவ புருசனுக்குக் கோப்பியில உப்பப் போட்டுக் குடுத்துட்டா. அவன் பாவம், ஒன்னும் சொல்லாமக் குடிச்சுட்டான்.”

“ஏன் சொல்லலையாம்?”

“சொன்னா அவ அழுவா லா.”

அவர் சொன்னது சரிதான். நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன்.